நண்டுக் கம்பெனியில் இருமல்: ஆண்டுக்கு ஒரு முகாம் நடத்தினால் உடல்நலக் கண்காணிப்பு ஆகிவிடுமா?

கணக்குப்பிள்ளை (மண்டபம்), ஞாயிறு இரவு

மண்டபம் பக்கத்தில் ஒரு நண்டுக் கம்பெனியில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். நீலக்கால் நண்டை நீராவியில் அவித்து, ஓட்டை உடைத்துச் சதை எடுத்து, ஐஸில் வைத்து அனுப்புவது எங்கள் வேலை. அவிக்கும் இடத்தில் நான்கு ஆண்கள் இருக்கிறார்கள். உடைக்கும் மேசைகளில் அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள். சென்ற மாதம் வழக்கம்போல மருத்துவ முகாம் நடந்தது. காலை ஏழு மணிக்கு ஒரு வேன் வந்தது, வரிசையில் நிற்கவைத்து ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். பத்து நாள் கழித்து எல்லோருடைய அறிக்கையும் ஒரே உறையில் என் மேசைக்கு வந்தது. சரக்கு வாங்குபவரின் தணிக்கையாளர் கேட்டால் காட்டுவதற்காக அவற்றைக் கோப்பில் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். வேலை செய்கிறவர்களில் ஒருவர்கூடத் தம்முடைய அறிக்கையைப் பார்க்கவில்லை.

என்னை உறுத்துவது மூன்றாம் மேசையில் இருக்கும் ஓர் அக்காவின் இருமல். எட்டு ஆண்டுகளாக நண்டு உடைக்கிறார். போன வருடத்திலிருந்து வேலை தொடங்கிய இரண்டு மணி நேரத்தில் மூக்கு ஒழுகுகிறது, கண் அரிக்கிறது. இரவில் படுத்தால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது என்கிறார். அவருடைய அறிக்கையில் எல்லாமே நார்மல். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வரத்துக் குறைந்து பாதிப் பேரை நிறுத்தியபோது, அவர் பரமக்குடியில் மகள் வீட்டில் நாற்பது நாள் இருந்தார். அந்த நாற்பது நாளும் இருமல் இல்லை. திரும்பி வந்த இரண்டாம் நாள் மாலையே மறுபடியும் பிடித்துக்கொண்டது. “நண்டு ஆவி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை தம்பி, ஆனால் இதை மேஸ்திரியிடம் சொல்லிவிடாதே” என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

முகாமில் என்ன பரிசோதனை விட்டுப்போனது, முடிவை யார் பார்க்க வேண்டும், ஏதாவது தெரியவந்தால் அந்த அக்காவின் வேலை என்ன ஆகும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆலை மருத்துவர் (ராமநாதபுரம்), திங்கள் காலை

கணக்குப்பிள்ளை அவர்களே, நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். வெவ்வேறு ஆலைகளில் முப்பது ஆண்டுகள் மருத்துவ அலுவலராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: “லீவு நாளில் எப்படி இருக்கிறது?” என்ற ஒரு கேள்வியை அந்த வேனில் வந்தவர்கள் கேட்டிருந்தால், எக்ஸ்ரே சொல்லாததை அந்த அக்காவே சொல்லியிருப்பார்.

நண்டை அவிக்கும்போது எழும் ஆவியிலும், ஓட்டை உடைக்கும்போதும் மேசையைக் குழாய்நீர் பீய்ச்சிக் கழுவும்போதும் தெறிக்கும் நுண்துளிகளிலும் நண்டின் புரதம் கலந்திருக்கிறது. ட்ரோபோமயோசின் என்பது அவற்றில் முக்கியமானது. அதை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மூச்சில் இழுக்கும்போது சிலருடைய உடல் அதற்கு ஒவ்வாமை கொள்கிறது. பெரும்பாலும் முதலில் மூக்கும் கண்ணும், பிறகு நெஞ்சும் பாதிக்கப்படும். கனடாவின் நண்டு ஆலைகளில் 1980களிலேயே மருத்துவர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆஸ்துமாவில் மார்பு எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ஆகவே உங்கள் அறிக்கையில் உள்ள நார்மல் பொய்யில்லை. கேட்க வேண்டிய கேள்விக்கு அது பதிலில்லை, அவ்வளவுதான்.

அவருக்குத் தேவைப்படுவது பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய பிளாஸ்டிக் கருவி. சில நூறு ரூபாய்க்கு மருந்துக் கடையில் கிடைக்கும். ஆழமாக மூச்சை இழுத்து, உதடுகளால் குழலை இறுகக் கவ்வி, ஒரே மூச்சில் முடிந்த அளவு வேகமாக ஊத வேண்டும். முள் நிற்கும் இடம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் காற்று வெளியேறியது என்று காட்டும். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி உயர்ந்த எண்ணை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். எழுந்தவுடன், வேலை நடுவில், வேலை முடிந்ததும், படுக்கும் முன் என்று நாளுக்கு நான்கு முறை, நான்கு வாரம். அந்த நான்கு வாரத்தில் விடுமுறை நாட்களும் கட்டாயம் இருக்க வேண்டும். வேலை நாட்களில் கோடு இறங்கி, ஓய்வு நாட்களில் ஏறினால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நெஞ்சுநோய் மருத்துவரிடம் போகலாம். அவர் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுச் சோதனையும் ஒவ்வாமைச் சோதனையும் செய்து உறுதிப்படுத்துவார். இன்ஹேலர் போட்டுக்கொண்டால் அந்த நேரத்தையும் பக்கத்தில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

இதில் தாமதம் கூடாது. அறிகுறி தொடங்கிய சில மாதங்களுக்குள் ஆவியிலிருந்து விலகியவர்களுக்கு மூச்சு நன்றாகத் திரும்புவதையும், ஆண்டுக்கணக்கில் சமாளித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு, வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா தங்கிவிடுவதையும் கண்டிருக்கிறேன். இன்னொன்று: அந்த அக்காவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். யார் யாருக்கு மூக்கு ஒழுகுகிறது, அவர்கள் எந்த மேசை, அந்த மேசை அவிக்கும் இடத்திலிருந்து எத்தனை அடி என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.

வேனில் வருபவன், திங்கள் மதியம்

நான் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இப்படிப்பட்ட முகாம்களுக்கு வேனில் போகிறவர்களில் நானும் ஒருவன், எனவே எங்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். எந்தச் சோதனை செய்வது என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை. தலைக்கு இவ்வளவு ரூபாய் என்று மூன்று வகைத் தொகுப்பு வைத்திருப்போம். கம்பெனிகள் பெரும்பாலும் கடைசி வகையைத்தான் எடுக்கும். ஐஸ் கம்பெனி, உப்பளம், துணிக்கடை எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி, ஒரே தாள். இவர் என்ன வேலை செய்கிறார் என்று எழுதுவதற்குப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லோருக்கும் “லேபர்” என்று எழுதுவது வழக்கம். நானே ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பேன்.

காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுப்பது வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பதற்காக. மூச்சுச் சோதனையையும் அதே நேரத்தில் செய்தால், இரவு முழுவதும் ஆவி படாமல் தூங்கி எழுந்த நெஞ்சைத்தான் சோதிக்கிறோம் என்பது மருத்துவர் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சாயல்குடியான், திங்கள் இரவு

என் அம்மா சாயல்குடிப் பக்கத்து உப்பளத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறார். மருத்துவரிடம் கேட்க எனக்கும் ஒன்று இருக்கிறது. 2021இல் நடந்த முகாமில் அம்மாவுக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனை) 0.7 என்று வந்தது. 2024இல் அதே ஆய்வகத்தில் 1.1. இரண்டு சீட்டிலும் “வரம்புக்குள்” என்றே அச்சாகியிருக்கிறது. அம்மாவுக்கு இப்போது வயது நாற்பது. கால் வீக்கம் இல்லை, சர்க்கரை இல்லை. ஆனால் சிறுநீர் போகும்போது எரிகிறது என்று அடிக்கடி சொல்கிறார்.

உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். பாத்தியில் படிந்த உப்பைப் பலகையால் வாரிக் கரையில் குவிப்பதும், குவித்ததைச் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவதும்தான் வேலை. மேலே வெயில், கீழே வெள்ளை வெளேரென்ற தரையிலிருந்து கண்ணில் அடிக்கும் ஒளி, காலடியில் முழங்கால் வரை அரிக்கும் உப்புநீர். நிழலுக்குச் சீமைக் கருவேலம் தவிர வேறு மரமில்லை. பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால், அம்மா காலையில் நான்கு மணிக்குக் குடிக்கும் தண்ணீரோடு சரி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் மறுபடியும் சொம்பை எடுப்பார். ஒருமுறை நான் கோபித்துக்கொண்டபோது, “குடித்தால் போக வேண்டும், போனால் எங்கே போவது?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற ஆலை மருத்துவர், செவ்வாய் காலை

தம்பி, அந்த இரண்டு சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். இந்த இழையில் நான் சொல்ல நினைத்ததை உங்கள் அம்மாவின் இரண்டு எண்களே சொல்லிவிட்டன. சீட்டில் அச்சாகும் வரம்பு ஊரில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் பொதுவானது. உங்கள் அம்மாவுக்கு உரிய அளவு 0.7. அது 1.1 ஆனதை வெறும் 0.4 கூடியதாகப் பார்க்கக் கூடாது. நாற்பது வயதுப் பெண்ணுக்கு இப்போது வழக்கிலுள்ள கணக்குப்படி, சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் அளவு ஏறத்தாழ 112 மில்லிலிட்டரிலிருந்து 65க்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால் அன்றைக்கே கூப்பிட்டு அனுப்பியிருப்பார்.

பயந்துவிட வேண்டாம், ஒரே நாளின் நீரிழப்பாலும் கிரியேட்டினின் கூடிக் காட்டும். இரண்டு நாள் ஓய்வெடுத்து, நன்றாகத் தண்ணீர் குடித்த பிறகு மறுபடியும் ஒருமுறை பாருங்கள்; கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் கிருமியும் இருக்கிறதா என்று பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இரண்டு சீட்டோடும் போங்கள். எரிச்சலுக்கு வெளியில் வலிமாத்திரை வாங்கிப் போட வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் வலிமாத்திரை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

உப்பளத்துக்கு என்று ஒரு கண்காணிப்பு வைத்தால், உப்பு எடுப்புத் தொடங்கும் முன் ஒரு கிரியேட்டினின், கோடை உச்சத்தில் ஒன்று, எடுப்பு முடிந்து ஓய்ந்த பிறகு ஒன்று என்று மூன்று வேண்டும். நாளுக்கு ஒரு சோதனை வேண்டுமென்றால் எடை பார்க்கும் கருவி போதும்: காலையில் வரும்போது ஐம்பது கிலோ இருந்தவர் மதியம் நாற்பத்தொன்பதேகால் கிலோ இருந்தால், குடித்ததற்கு மேல் முக்கால் லிட்டர் வியர்த்திருக்கிறார். வெப்பத்தையும் வெறும் வெப்பமானியால் அளக்கக் கூடாது. திறந்தவெளிக்கான வெப்பக் குறியீட்டில் ஈரத்துணி சுற்றிய குமிழின் அளவுக்கு எழுபது விழுக்காடும், வெயில் வாங்கும் கருங்கோளத்துக்கு இருபதும், சாதாரண வெப்பமானிக்குப் பத்தும்தான் எடை. கடற்கரையில் காற்று ஈரமாக இருப்பதால், செய்தியில் 36 பாகை என்று சொல்லும் நாளிலும் உப்பளத்தில் வேலையை நிறுத்த வேண்டியிருக்கும். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது, ஆனால் பாத்தியில் ஒரு கருங்கோளத்தை நட்டுவைத்தவரை நான் இதுவரை பார்க்கவில்லை. எந்தக் கருவியை விடவும் முன்னால் வர வேண்டியது கழிப்பறை என்பதையும் எழுதிவிடுகிறேன். அது கட்டுமானச் செலவு என்று கணக்கில் போகும். என்னைப் பொறுத்தவரை அது சிறுநீரக மருந்து.

ஐஸ் கம்பெனிக்காரர் (தொண்டி), செவ்வாய் மாலை

எல்லோரும் தொழிலாளர் பக்கமே எழுதுகிறீர்கள். என்னிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கரண்டு பில், உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும் குழாய், தடைக்காலத்தில் சும்மா கிடக்கும் பிளாண்ட் எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டு ஸ்பைரோமெட்ரி, ஆடியோமெட்ரி என்று செலவு செய்ய எனக்கு ஆசைதான், முடியவில்லை. சரி, செய்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நெஞ்சு சரியில்லை என்று தெரியவந்தால் நான் என்ன செய்வது? வைத்துக்கொண்டால் நாளைக்கு என் மேல் பழி, அனுப்பினால் அவர் குடும்பம் என் வாசலில். தெரியாமல் இருப்பதே இரண்டு பேருக்கும் நல்லது என்று என் போன்றவர்கள் நினைப்பதில் என்ன தவறு? ஐஸ் உறையவைக்கும் குழாயில் ஓடும் அமோனியாவின் வாடை எங்களுக்குப் பழகிவிட்டது. பெரிய கசிவு ஒன்றும் இதுவரை நடந்ததில்லை.

ஓய்வுபெற்ற ஆலை மருத்துவர், செவ்வாய் இரவு

ஐயா, மனத்தில் உள்ளதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். வாடை பழகிவிட்டது என்றால் மூக்கு அயர்ந்துவிட்டது என்று பொருள். அமோனியா சில பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம்) அளவிலேயே புதியவருக்கு நெடி அடிக்கும். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட உச்சவரம்பு 25 பிபிஎம். 300 பிபிஎம் என்பது உடனே வெளியேறியாக வேண்டிய அளவு. நாள் முழுவதும் உள்ளேயே இருப்பவர் தம் மூக்கை நம்பி இந்த அளவுகளைச் சொல்ல முடியாது. அதனால் உங்கள் இடத்தில் முதல் செலவு சுவரில் மாட்டும் ஒரு அமோனியா அளவியாக இருக்கட்டும். ரத்தத்தில் அமோனியா பார்க்கிறோம் என்று யாராவது தொகுப்பு விற்க வந்தால் வாங்காதீர்கள். மூச்சில் இழுத்த அளவை அது காட்டாது.

ஆறு பேருக்கு மூச்சுச் சோதனையும் காதுச் சோதனையும் வேலையில் சேரும்போது ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்றால் நீங்கள் நினைக்கும் அளவுக்குச் செலவாகாது. காதுச் சோதனைக்கு முன் பதினான்கு மணி நேரமாவது கம்ப்ரசர் சத்தம் படாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் தற்காலிக மந்தத்தை நிரந்தரக் குறை என்று எழுதிவிடுவார்கள். இரைச்சலால் கெடும் காது முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவில்தான் பள்ளம் காட்டும். பேச்சு நன்றாகவே கேட்கும், அதனால் ஆளுக்கே தெரியாது.

தெரிந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். ஒருவருடைய அளவு இறங்கினால் முதலில் இயந்திரத்தைப் பாருங்கள், கடைசியில்தான் ஆளை. குழாய் இணைப்பிலோ வால்விலோ சிறு கசிவு இருக்கலாம், காற்றுப்போக்கி நின்றுபோயிருக்கலாம். உங்களிடம் ஒருவருடைய அளவு இறங்குவது மீதி ஐந்து பேருக்கும் உங்களுக்கும் வந்த முன்னறிவிப்பு. நீங்களும் அதே அறையில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

தொழிலாளர் சட்டம் படித்தவர் (ராமநாதபுரம்), புதன் காலை

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987 திருத்தத்தின் மூலம் சேர்ந்த 41சி பிரிவு நல்ல பிரிவு: அபாயகரமான வேலையில் இருப்பவருக்கு வேலையில் அமர்த்தும் முன்பும், வேலையில் இருக்கும்போதும், அந்த வேலையை விட்ட பின்பும் பன்னிரண்டு மாதத்துக்கு மிகாத இடைவெளியில் பரிசோதனை வேண்டும், பதிவேடு தொழிலாளி பார்க்கக் கிடைக்க வேண்டும் என்று அது சொன்னது. ஆனால் அது முதல் அட்டவணையில் இருந்த தொழில்களுக்கு மட்டுமானது. சிமெண்ட், உரம், தோல் பதனிடுதல் எல்லாம் அதில் இருந்தன. நண்டு அவிப்பது கிடையாது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பு 2020, வேலையளிப்பவர் இலவசமாக ஆண்டுப் பரிசோதனை செய்துதர வேண்டும் என்கிறது. நாற்பது வயது கடந்தவர்களுக்கு அது உண்டு என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. இடைக்காலத்தில் பழைய விதிகளும் தொடரும் என்று அப்போது சொல்லப்பட்டது. நல்லதுதான், ஆனாலும் மூன்றாம் மேசையில் இருபத்தைந்து வயதுப் பெண் இருமினால் அவருக்கு இன்னும் பதினைந்து ஆண்டு காத்திருப்பு. வயதை வைத்து அளந்தால் சர்க்கரையையும் பிரஷரையும் பிடிக்கலாம். வேலையால் வரும் நோய் வயது பார்த்து வருவதில்லை.

பயன்படுத்தாமல் கிடக்கும் ஒரு வழி உண்டு. அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்கள் என்று 29 நோய்களைக் கொண்ட அட்டவணை இருக்கிறது. வேதிப்பொருளோ பெயிண்டோ நேரடியாகப் படுவதால் வரும் தோல் அழற்சியும் இரைச்சலால் வரும் காது கேளாமையும் அதில் உண்டு. அந்த நோயைக் கண்ட மருத்துவரே தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு எழுத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். நண்டுக் கம்பெனியில் விரல் இடுக்கு வெந்த பெண்களுக்கு நம் பக்கத்தில் எது பட்டு வந்தது என்று பார்க்காமலே களிம்பு எழுதித் தருகிறார்கள். அறிவிப்பு எழுதிய சீட்டு ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை.

கணக்குப்பிள்ளை அவர்களே, உங்கள் கம்பெனியில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறீர்களா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் பிடித்தாக வேண்டும். அந்த அக்காவுக்குச் சிகிச்சைக்கும் சம்பள இழப்புக்கும் அந்தக் கதவுதான் முதலில் திறக்கும்.

சங்கு குளித்தவன் (கீழக்கரை), புதன் இரவு

பதினாறு ஆண்டுகள் கம்ப்ரசர் குழாயைக் கவ்விக்கொண்டு சங்கு எடுத்தேன். மருத்துவப் பரிசோதனை என்று ஒருநாளும் எனக்கு நடந்ததில்லை. வள்ளத்தில் இருந்த கம்ப்ரசர், இன்ஜின் புகைபோக்கிக்கு மூன்று முழம் தள்ளி இருந்தது. காற்று அந்தப் பக்கம் திரும்பிய நாளில் குழாயில் டீசல் வாடை வரும், மேலே வந்ததும் தலை இடிக்கும், வாந்தி வரும். பித்தம் என்று சொல்லி எலுமிச்சை கொடுப்பார்கள். தோளும் முழங்காலும் கடுத்தால் மறுபடியும் ஒருமுறை முங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்பார் எங்கள் மூத்த காக்கா (அண்ணன்) ஒருவர். சரியாகத்தான் ஆகும், இரண்டு மணி நேரத்துக்கு. இப்போது நாற்பத்தாறு வயதில் இடுப்பு எலும்பு பொடிந்துவிட்டது என்று மருத்துவர் சொல்கிறார். தொழுகையில் உட்கார நாற்காலி போடுகிறார்கள்.

எனக்குக் கண்காணிப்பு இருந்திருந்தால் எதைப் பார்த்திருப்பார்கள்?

ஓய்வுபெற்ற ஆலை மருத்துவர், வியாழன் காலை

காக்கா, பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலே வந்தால் குமிழாக வெளிப்படுகிறது. மறுபடியும் முங்கினால் குமிழ் நசுங்குவதால் வலி தணியும், எழுந்தால் திரும்பும். இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்கும் தோளுக்கும் போகும் ரத்தம் தடைப்பட்டால், எலும்பு உள்ளிருந்தே சாகும். வலி வரும்போது எக்ஸ்ரேயில் தெரியும். வலி வரும் முன்பு பெரும்பாலும் எம்ஆர்ஐயில்தான் தெரியும். உங்கள் தலைவலி பித்தம் இல்லை, கார்பன் மோனாக்சைடு. உங்களுக்குச் செய்திருக்க வேண்டிய முதல் கண்காணிப்பு ஊசியும் இல்லை, படமும் இல்லை: எத்தனை பாகம் (இரு கையை விரித்த நீளம்) ஆழம், எத்தனை நிமிடம், எத்தனை முறை என்று எழுதிய ஒரு நோட்டும், புகைபோக்கியை விட்டு உயரத்தில் கட்டிய ஒரு காற்றுக்குழாயும்தான்.

அழுத்தக் காற்றில் வேலை செய்வதால் வரும் நோய், 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் முதல் பகுதியிலேயே இருந்தது. சட்டம் படித்தவர் மேற்கொண்டு சொல்ல வேண்டும்.

தொழிலாளர் சட்டம் படித்தவர், வியாழன் மதியம்

இருந்தது. அந்தப் பகுதியில் இருந்த நோய்களுக்கு ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தச் சட்டத்தில் இருக்கவில்லை. ஆனால் காக்கா சம்பளத்துக்குப் போனாரா, பங்குக்குப் போனாரா என்பதுதான் சிக்கல். பங்குக்குப் போனவரைத் தொழிலாளி இல்லை, கூட்டாளி என்று வள்ளக்காரர் வாதிடுவார். முன்பணம் வாங்கிய துண்டுச் சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள் காக்கா, நேரில் பேசுவோம்.

சின்னப்பாலத்து மகள், வியாழன் இரவு

பங்கு என்றாவது ஒன்று அவருக்கு இருந்தது. என் அம்மாவும் அத்தைகளும் மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுக்கத் தீவுப் பக்கம் போகிறவர்கள். விரலில் துணி சுற்றி, காலில் தட்டு கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி முங்குவார்கள். பாறை கிழித்த கை ஆறுவதற்குள் அடுத்த நீர்வற்று வந்துவிடும். பாசியை எடைபோட்டு வாங்கும் வியாபாரி முதலாளி இல்லை. வேலையளிப்பவர் யார் என்றே சொல்ல முடியாத எங்கள் வீட்டுக்கு இந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு?

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள்; அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அட்டையில் “என்ன வேலை, எத்தனை வருடம்” என்று ஒரு வரி சேர்த்து, கண்ணில் சதை வளர்ந்திருக்கிறதா, காது அடைக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும் என்று தோன்றுகிறது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கருவிழி ஓரம் வரை சதை வந்துவிட்டது. வெயிலும் நீர்மேல் அடிக்கும் ஒளியும் காரணம் என்று மதுரையில் கண் மருத்துவர் சொன்னார், அதற்கு முன்னால் யாரும் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை (மண்டபம்), நான்கு வாரம் கழித்து

தாமதத்துக்கு மன்னிக்கவும். மருத்துவர் சொன்னபடி மேசைகளைத் தாளில் வரைந்தேன். பெண்களிடம் நான் கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்பதால், உடைக்கிறவர்களில் ஒருவரையே கேட்கவைத்தேன். பெயர் எழுதவில்லை, மேசை எண் மட்டும். மூக்கோ கண்ணோ இருமலோ இருப்பதாகச் சொன்ன பதினான்கு பேரில் பதினொரு பேர் மூன்றாம், நான்காம் மேசைக்காரர்கள். அவிக்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பது முதல் மேசை, அங்கே ஒருவர்தான். எனக்குக் குழப்பமாக இருந்தது. மறுநாள் அவிப்பு நடக்கும்போது மூன்றாம் மேசை அருகே நின்று பார்த்தேன். அவிக்கும் ஆண்களுக்காக அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய ஸ்டாண்டு ஃபேன் வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் எழும் ஆவியை அது முதல் மேசைக்கு மேலாகத் தள்ளிக்கொண்டு போய், மூன்றாம் மேசை மீது இறக்குகிறது. அங்கே இருந்தவர் மூக்குக் கண்ணாடி வெளுத்துவிட்டது. பதினோரு ஆண்டுகளாக அந்த ஃபேனுக்குக் கரண்டு பில் எழுதுகிறவன் நான்.

முதலாளியிடம் ஆஸ்துமா என்று தொடங்காமல் ஃபேன் என்று தொடங்கினேன். ஃபேனைத் திருப்பிவிட்டார்கள், அவிக்கும் தொட்டிக்கு மேல் புகைக்கூண்டும் உறிஞ்சு ஃபேனும் போட ஆளை வரச்சொல்லியிருக்கிறார், இன்னும் வரவில்லை. அவித்த நண்டைச் சூட்டோடு மேசையில் கொட்டாமல் ஆறவைத்துக் கொட்டுவதற்கு மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை, எண்ணிக்கை குறையும் என்கிறார். அறிக்கைகளை அவரவரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த முகாமில் மருத்துவர் எங்களுக்குத் “தகுதி”, “இன்ன இடத்தைத் தவிர்த்துத் தகுதி” என்று மட்டும் எழுதித் தரலாம், நோய் விவரம் தொழிலாளியிடம் மட்டும் இருக்கலாம் என்று கேட்டேன், யோசிக்கிறேன் என்றார். அந்த அக்காவை எடைபோடும் பகுதிக்கு மாற்றியிருக்கிறோம். எடைபோடுகிறவர்களுக்குக் கிலோக்கூலி கிடையாது, நாள் சம்பளம்தான். மாதத்துக்கு அவருக்கு ஆயிரத்துச் சொச்சம் குறையும். அதை ஈடுகட்ட முதலாளி இன்னும் சம்மதிக்கவில்லை.

அக்காவின் நோட்டை மகள் படமெடுத்து அனுப்பினார். மேசையில் இருந்த நாட்களில் மாலை எண்கள் 240, 250, 240. ஞாயிறுகளில் 330. எடைபோடும் பகுதிக்கு வந்த பிறகு மாலை 300, 310.

ஐஸ் கம்பெனிக்காரர் (தொண்டி), அதே இரவு

அமோனியா அளவி வாங்கி மாட்டினேன். மாட்டிய அன்றே 30 காட்டியது. கருவி கோளாறு என்று விற்றவரைத் திட்டினேன். அவர் வந்து சோப்பு நுரை தடவிப் பார்த்து, ஒரு வால்வு கழுத்தில் குமிழ் வருவதைக் காட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் மேசை அக்கா (மகள் எழுதுகிறேன்), மறுநாள் காலை

அம்மா கேட்கச் சொன்னார்கள். நேற்று இரவு முதலில் 310 வந்தது, இரண்டாம் முறை 340, மூன்றாம் முறை இருமல் வந்து 280 ஆகிவிட்டது. சராசரி எழுத வேண்டுமா, மூன்றையும் எழுத வேண்டுமா? கூட்டி எழுதினால் கம்பெனிக்காரர்கள் பொய் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆலை மருத்துவர், மறுநாள் காலை

340 என்றே எழுதச் சொல்லுங்கள் அம்மா, பக்கத்தில் “இருமல்” என்று ஒரு சொல். வெள்ளிக்கிழமை நான் ராமநாதபுரத்தில்தான் இருப்பேன். நோட்டையும் கருவியையும் எடுத்துக்கொண்டு வரச்சொல்லுங்கள், ஊதும் முறையை ஒருமுறை நேரில் பார்த்துவிடுகிறேன்.